பெர்காவ் அணைக்குப் போன 23.4 கோடி பவுண்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

வெளிநாட்டு உதவிக்கென்று ஓர் அரசு ஒதுக்கும் பணத்தைக் கண்காணிப்பது எளிதல்ல. வரி கட்டியவர் அந்தப் பணம் போய்ச் சேர்ந்த ஊரைப் பார்த்ததில்லை. அந்த ஊரில் இருப்பவருக்கோ பணம் கொடுத்த அரசைத் தேர்தலில் கேள்வி கேட்க வழியில்லை. இருவருக்கும் இடையில் இருப்பவை சில கோப்புகளும், அவற்றில் கையெழுத்திடும் சில அதிகாரிகளும்தான். அந்தக் கோப்புகள் என்ன சொல்ல வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்பதை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுவது பிரிட்டனின் உதவிப் பணத்தோடு மலேசியாவில் கட்டப்பட்ட பெர்காவ் அணையின் விவகாரம் என்று நினைக்கிறேன்.

1988இல் தொடங்கி 1994இல் லண்டன் நீதிமன்றத்தில் திருப்புமுனைக்கு வந்த கதை இது. இதில் வரும் பிரதமர்கள், அமைச்சர்கள், அதிகாரிகளின் பெயர்கள் நாடாளுமன்றப் பதிவுகளிலும் தீர்ப்பிலும் கிடைக்கின்றன. இங்கே அவரவர் பதவியை மட்டும் சொல்கிறேன். அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தாலும் இதே கேள்வி வந்திருக்கும்.

பின்னணி

பெர்காவ் ஆறு மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில், தாய்லாந்து எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் ஓடுகிறது. அங்கே 600 மெகாவாட் நீர்மின் நிலையம் அமைப்பது திட்டம். எண்ணைக் கேட்டால் பெரிதாகத் தோன்றும். ஆனால் ஆற்றில் வரும் நீர் குறைவு. நாள் முழுக்க ஓடும் நிலையமாக இல்லாமல், தேவை உச்சத்தில் இருக்கும் சில மணி நேரங்களுக்கு மட்டும் மின்சாரம் தரும் நிலையமாகத்தான் அதைக் கட்ட முடியும். அதே உச்சநேரத் தேவையை எரிவாயு டர்பைன்களை வைத்தும் சமாளிக்கலாம். மலேசியாவுக்குச் சொந்தமாக எரிவாயு உண்டு. இந்த ஒப்பீடு பின்னால் முக்கியமாகிறது.

பிரிட்டன் பக்கம், வெளிநாட்டு உதவி அப்போது வெளியுறவு அமைச்சரின் கீழ் இயங்கிய தனி நிர்வாகத்தின் கையில் இருந்தது. அதன் நிதியில் ஒரு பகுதி 'உதவி - வணிக ஒதுக்கீடு' என்ற பெயரில் 1977 முதல் தனியாக வைக்கப்பட்டது. வளரும் நாடு ஒன்று பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு வேலை கொடுத்தால், செலவில் ஒரு பங்கை உதவி நிதி ஏற்கும். வளர்ச்சிக்கும் பயன், ஏற்றுமதிக்கும் பயன் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். திட்டம் பொருளாதார ரீதியில் உருப்படியானதா என்று உதவி நிர்வாகம் ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு சட்டம் இருந்தது: 1980ஆம் ஆண்டின் வெளிநாட்டு வளர்ச்சி மற்றும் ஒத்துழைப்புச் சட்டம். அதன் முதல் பிரிவு, ஒரு நாட்டின் வளர்ச்சியை மேம்படுத்தவோ, பொருளாதாரத்தைத் தாங்கவோ, மக்கள் நலனுக்காகவோ உதவி வழங்க அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. அந்த நோக்கம் இருந்தால்தான் அதிகாரம். இந்த ஒரு வரியை ஆறு ஆண்டுகள் யாரும் போதிய அளவு எடுத்துப் படிக்கவில்லை என்பதே கதையின் மையம்.

1988: ஆயுதமும் உதவியும் ஒரே தாளில்

மார்ச் 1988இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் மலேசியா சென்றபோது, ஆயுதக் கொள்முதல் பற்றிய ஒரு நெறிமுறை ஆவணத்தில் கையெழுத்திட்டார். ஆயுதம் வாங்குவதையும் உதவி வழங்குவதையும் சேர்த்துப் பேசும் வாசகம் அதில் இருந்தது. உதவியை ஆயுத விற்பனையோடு கட்டக்கூடாது என்பது பிரிட்டிஷ் அரசின் அறிவிக்கப்பட்ட கொள்கை. லண்டனில் இது தெரிந்ததும் திருத்த முயன்றார்கள்.

திருத்திய விதத்தைக் கவனிக்க வேண்டும். ஜூன் 1988இல் மலேசியாவுக்கு இரண்டு கடிதங்கள் போயின. ஆயுதத்தையும் உதவியையும் இணைக்க முடியாது என்றது ஒன்று. 20 கோடி பவுண்டு வரையிலான திட்டங்களுக்கு உதவி தரத் தயார் என்றது மற்றொன்று. காகிதத்தில் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பெறுகிறவர் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் என்ன புரிந்துகொள்வார் என்பதை விளக்கத் தேவையில்லை. செப்டம்பர் 1988இல் இரு பிரதமர்களும் நூறு கோடி பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள ஆயுத விற்பனைக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டின் இறுதியில், பிரிட்டிஷ் கட்டுமான நிறுவனங்களின் கூட்டமைப்பு பெர்காவ் அணைக்கு உதவி நிதி கேட்டு விண்ணப்பித்தது.

1989: விலை தெரியும் முன் கொடுத்த வாக்கு

கூட்டமைப்பு முதலில் சொன்ன மதிப்பீடு 31.6 கோடி பவுண்டு. உதவி நிர்வாகத்தின் சிறு குழு ஒன்று மார்ச் 1989இல் மலேசியா சென்று, கிடைத்த விவரங்களை வைத்து ஆரம்ப மதிப்பீடு செய்தது. அந்த மாதமே பிரிட்டிஷ் பிரதமர் லண்டன் வந்திருந்த மலேசியப் பிரதமரிடம் வாய்மொழியாக உறுதி கொடுத்தார். முழு ஆய்வு அப்போது நடந்திருக்கவில்லை.

அடுத்த சில வாரங்களுக்குள் கூட்டமைப்பு விலையை 39.7 கோடி பவுண்டாக உயர்த்தியது. எட்டுக் கோடிக்கு மேல் ஏற்றம். ஆனால் இரண்டு பிரதமர்களுக்கிடையே பேச்சு முடிந்துவிட்டது. ஏப்ரல் மாதத்தில், நிபந்தனைகளோடு, எழுத்துபூர்வமான முன்வரவு அனுப்பப்பட்டது.

என் பார்வையில் இந்த விவகாரத்தின் முதல் பெரிய தவறு இங்கேதான் இருக்கிறது. ஆயுத ஒப்பந்தம் அளவுக்கு இது செய்தித்தாள்களில் பேசப்படவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுப் பிறகு ஜாதகம் பார்த்தது போல ஆனது. ஆய்வு எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், அதன் முடிவால் எதையும் மாற்ற முடியாத நிலை அந்த மார்ச் மாதத்திலேயே உருவாகிவிட்டது.

1990: ஆய்வு சொன்னது

உதவி நிர்வாகத்தின் பொருளாதார வல்லுநர்கள் 1990இல் முழு ஆய்வைச் செய்தார்கள். முடிவு தெளிவாக இருந்தது. பெர்காவ் அப்போதைக்குத் தேவையில்லாத, விலை மிகுந்த திட்டம். எரிவாயு டர்பைன்களோடு ஒப்பிட்டால், 35 ஆண்டுகளில் மலேசிய மின் நுகர்வோர் 10 கோடி பவுண்டுக்கு மேல் கூடுதலாகச் சுமக்க நேரிடும். 2005க்கு முன்பு அது கட்டுப்படியாகும் திட்டமாக ஆகாது.

இந்தக் கணக்கை ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். உதவி என்றால் பெறுகிறவருக்கு ஏதாவது மிச்சமாக வேண்டும். இங்கே பிரிட்டிஷ் வரிப்பணம் 20 கோடிக்கு மேல் போகிறது. அதற்குப் பிறகும் தீபகற்ப மலேசியாவில் மின்கட்டணம் கட்டும் குடும்பங்களுக்கு, அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் உட்பட, சுமை கூடுகிறது. இரண்டு நாட்டு மக்களும் இழக்க, இடையில் கட்டுமான ஒப்பந்தம் மட்டும் லாபம் பார்க்கிறது. இதை எழுதி வைத்த அதிகாரிகள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள்.

1991: எழுத்தில் கேட்கப்பட்ட உத்தரவு

பிரிட்டனில் ஒவ்வொரு துறையின் செயலாளரும் அந்தத் துறையின் கணக்குப் பொறுப்பு அலுவலரும் ஆவார். செலவு ஒழுங்கானதா, சிக்கனமானதா, பயனுள்ளதா என்பதற்கு அவர் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு முன் தனிப்பட்ட முறையில் பதில் சொல்ல வேண்டும். அமைச்சர் ஒரு செலவைச் செய்யச் சொல்கிறார், அதைத் தன்னால் நியாயப்படுத்த முடியாது என்று அலுவலர் கருதினால், அவர் எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்து, எழுத்துபூர்வமான உத்தரவு கேட்கலாம். உத்தரவு வந்தால் அவர் செலவைச் செய்தாக வேண்டும். பொறுப்பு அப்போது அமைச்சருடையதாகிவிடும்.

பிப்ரவரி 1991இல் உதவி நிர்வாகத்தின் செயலாளர் இதைச் செய்தார். சிக்கனம், திறன், பயன் ஆகியவற்றின் அடிப்படையில் இந்தச் செலவைத் தன்னால் ஏற்க முடியாது என்று எழுதினார். உதவித் துறையில் அதுவரை இப்படி நடப்பது மிக அரிது.

வெளியுறவு அமைச்சர் அந்த எதிர்ப்பைப் படித்த பிறகே முடிவெடுத்தார். அவர் தரப்பு நியாயத்தையும் பதிவு செய்வது முறை. ஒரு பிரதமர் இன்னொரு பிரதமருக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது, அதிலிருந்து பின்வாங்கினால் பிரிட்டனின் நம்பகத்தன்மை கெடும், மலேசியாவோடு வளர்ந்துவரும் வணிக உறவும் பாதிக்கப்படும் என்பது அவர் கருத்து. இவை அற்பக் காரணங்கள் அல்ல. ஒரு வெளியுறவு அமைச்சர் யோசிக்க வேண்டியவைதான். அந்தக் காரணங்களுக்கான விலையை எந்தப் பெட்டியிலிருந்து எடுப்பது என்ற கேள்வியை மட்டும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்குள் பதவிக்கு வந்திருந்த புதிய பிரதமரும் உடன்பட்டார். ஜூலை 1991இல் எழுத்துபூர்வமான உத்தரவு வந்தது, உதவி ஒப்பந்தம் கையெழுத்தானது. இறுதித் திட்டச் செலவு 41.7 கோடி பவுண்டு. பிரிட்டிஷ் உதவி, 14 ஆண்டுகளில் பரவலாக, 23.4 கோடி பவுண்டு. ஒரே திட்டத்துக்கு அந்த ஒதுக்கீட்டிலிருந்து அதுவரை அவ்வளவு பெரிய தொகை போனதில்லை.

இங்கே விதியில் இருந்த ஓர் ஓட்டையைச் சொல்ல வேண்டும். செலவு ஒழுங்குமுறைக்குப் புறம்பானது என்று அலுவலர் எதிர்த்திருந்தால், அமைச்சரின் உத்தரவு நகலைத் தலைமைத் தணிக்கையாளருக்கு உடனே அனுப்பியாக வேண்டும். பணத்துக்கேற்ற பயன் இல்லை என்று எதிர்த்தால் அந்தக் கட்டாயம் அப்போது கிடையாது. செயலாளரின் எதிர்ப்பு இரண்டாம் வகை. அதனால் உத்தரவு கோப்புக்குள் உறங்கியது. ஒப்பந்தம் நடந்தது, மலை குடையப்பட்டது, தவணைகள் போயின.

1993-94: கோப்பு வெளியே வந்தது

அக்டோபர் 1993இல் தேசியத் தணிக்கை அலுவலகம் பெர்காவ் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. உத்தரவு கொடுக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. செயலாளரின் எதிர்ப்பும் அமைச்சரின் உத்தரவும் அப்போதுதான் பொதுமக்கள் கண்ணில் பட்டன. ஜனவரி 1994இல் பொதுக் கணக்குக் குழு செயலாளரை விசாரித்தது. இது உதவித் திட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகும் என்ற தன் கருத்தை அவர் குழு முன் மறைக்கவில்லை. அமைச்சரின் முடிவை நிறைவேற்றிய அதே அதிகாரி, சபையின் முன் உண்மையைச் சொன்னார். அவர் 1991இல் எழுதி வைத்திருந்ததால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

தொடர்ந்து வெளியுறவுக் குழுவும் விசாரணை தொடங்கியது. 1988இன் ஆயுத நெறிமுறை விரிவாக வெளிச்சத்துக்கு வந்தது. பிரிட்டிஷ் பத்திரிகைகளின் எழுத்தால் கோபமடைந்த மலேசிய அரசு, பிப்ரவரி 1994இல் பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு அரசு ஒப்பந்தங்கள் தருவதை நிறுத்தியது. தடை அந்த ஆண்டு செப்டம்பர் வரை நீடித்தது. வணிக உறவைக் காப்பாற்றத்தான் 1991இல் பணம் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதே உறவு, அந்தப் பணத்தாலேயே, சில மாதங்கள் முறிந்து கிடந்தது.

நவம்பர் 1994: நீதிமன்றத்தில்

உலக வளர்ச்சி இயக்கம் என்ற அமைப்பு, சுமார் 7,000 உறுப்பினர்கள் கொண்டது, லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இரண்டு கேள்விகள் எழுந்தன.

முதலாவது, வழக்குப் போட இவர்கள் யார்? அணையால் அவர்கள் யாருக்கும் நேரடி இழப்பில்லை. ஆனால் விவகாரம் முக்கியமானது, வேறு யாரும் வழக்குத் தொடுக்கப் போவதில்லை, உதவிக் கொள்கையில் இந்த அமைப்புக்கு நீண்ட அனுபவமும் அறிவும் உண்டு என்ற காரணங்களைச் சொல்லி நீதிமன்றம் அவர்களை ஏற்றுக்கொண்டது. உதவி நிதி விஷயத்தில் இது எவ்வளவு பெரிய திறப்பு என்பதை, தொடக்கத்தில் சொன்ன இரு மனிதர்களை நினைத்தால் புரியும்: பார்க்க முடியாத வரிதாரர், கேட்க முடியாத பயனாளி. இருவருக்காகவும் பேச ஒருவருக்கு வாசல் திறந்தது.

இரண்டாவது கேள்வி 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த ஒற்றை வரி. சட்டத்தில் 'வளர்ச்சி' என்றுதான் இருக்கிறது, 'உருப்படியான வளர்ச்சி' என்று இல்லையே என்பது அரசுத் தரப்பின் வாதம். உருப்படியற்ற வளர்ச்சிக்கும் பணம் கொடுக்க நாடாளுமன்றம் நினைத்திருந்தால், அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் என்ற பொருளில் நீதிமன்றம் பதில் தந்தது. வளர்ச்சி நோக்கம் ஒன்று உண்மையில் இருந்தால், அரசியலையும் வணிகத்தையும் அமைச்சர் கூடவே கணக்கில் எடுக்கலாம். ஜூலை 1991இல் பெர்காவ் விஷயத்தில் சட்டம் கேட்ட அந்த நோக்கமே இல்லை. 10 நவம்பர் 1994 அன்று, அந்த உதவி சட்டப்படி செல்லாது என்று இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது.

பிறகு நடந்தவை

அரசு மேல்முறையீடு செய்யவில்லை. மலேசியாவுக்குக் கொடுத்த ஒப்பந்த வாக்கையும் முறிக்கவில்லை. டிசம்பர் 1994இல் வெளியுறவு அமைச்சர் நாடாளுமன்றத்தில் அறிவித்தபடி, பெர்காவுக்கான பணம் உதவி நிதிக்கு வெளியேயிருந்து தொடர்ந்து தரப்பட்டது. அதே அளவுகோலை வைத்துப் பழைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்தபோது, இன்னும் மூன்று திட்டங்கள் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்பது தெரிந்தது. துருக்கியில் அங்காரா மெட்ரோவும், போட்ஸ்வானாவிலும் இந்தோனேசியாவிலும் தலா ஒரு திட்டமும் அவை. பெர்காவ் ஒரு தனி விபத்து என்று சொல்ல முடியாமல் போனது.

அணை கட்டி முடிக்கப்பட்டது. 600 மெகாவாட் நிலையம் இன்றும் கிளந்தானில் இயங்குகிறது.

விதிகள் மாறின. பணத்தின் பயன் தொடர்பாகக் கேட்கப்படும் உத்தரவுகளும் தலைமைத் தணிக்கையாளருக்கு உடனே போக வேண்டும் என்றானது. பிற்காலத்தில் அவற்றைப் பொதுவெளியில் வெளியிடும் வழக்கமும் வந்தது. ஏப்ரல் 2022இல், புகலிடம் கேட்டு வந்தவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்துக்கு உள்துறைச் செயலாளர் எழுத்துபூர்வமான உத்தரவு கேட்டபோது, இரு தரப்புக் கடிதங்களும் சில நாட்களில் வெளியாகிவிட்டன. 1991இல் இதே மாதிரிக் கடிதங்கள் வெளியே வர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

உதவி - வணிக ஒதுக்கீடு 1997இல் வந்த புதிய அரசால் ஒழிக்கப்பட்டது. ஏப்ரல் 2001 முதல், உதவிப் பணத்தில் பிரிட்டிஷ் பொருளைத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டும் போனது. 2002ஆம் ஆண்டின் சர்வதேச வளர்ச்சிச் சட்டம், உதவி வறுமையைக் குறைக்கக்கூடியது என்று அமைச்சர் திருப்தி அடைந்தாக வேண்டும் என்று எழுதியது. பேரிடர் நிவாரணத்தை அதே சட்டம் தனிப் பிரிவில் வைத்திருக்கிறது. வெள்ளத்திலும் பூகம்பத்திலும் சிக்கியவருக்குப் பொருள் அனுப்பும் முன் வறுமைக் கணக்கு போட வேண்டியதில்லை என்பது அதன் பொருள். இது சரியான பிரிப்பு என்று நினைக்கிறேன். அவசரத்துக்கு வேகம் வேண்டும், அணைக்குப் பொறுமை வேண்டும். 2011இல், உதவிச் செலவின் விளைவை ஆராய்ந்து நாடாளுமன்றக் குழுவிடம் அறிக்கை தரும் சுயேச்சையான ஆணையமும் அமைக்கப்பட்டது.

எதை மாற்றியிருக்க வேண்டும்

முதலில், மார்ச் 1989. விலை உறுதியாகாமல், ஆய்வு முடியாமல் ஒரு தலைவர் வாய்திறந்து தொகை சொல்லிவிட்டால், பின்னால் வரும் எல்லாக் கட்டுப்பாடும் வலுவிழக்கிறது. உதவி நிர்வாகத்தின் ஒப்புதல் தாள் மேசையில் இல்லாமல் எந்தச் சந்திப்பிலும் உதவி பற்றிப் பேசக்கூடாது என்ற விதி அன்று இருந்திருந்தால், மீதி ஐந்தாண்டுகள் நடந்திருக்காது.

அடுத்தது, கேட்கப்படாத கேள்வி. பொருளாதார வல்லுநர்கள் 'இது வீண்' என்றார்கள். செயலாளரும் அதையே எழுதினார். 'இது வீண் என்றால், இதைச் செய்ய நமக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா?' என்ற அடுத்த படிக்கு அந்த எதிர்ப்பு போகவில்லை. போயிருந்தால் அது ஒழுங்குமுறை எதிர்ப்பாகி, உத்தரவு 1991இலேயே தணிக்கையாளரின் மேசைக்குப் போயிருக்கும். அந்த அதிகாரியின் துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் கையெழுத்து இல்லாமல் இந்த வழக்கே இல்லை. ஆனால் உதவிக் கோப்பு எதிலும் முதல் பக்கத்தில் சட்டப் பிரிவையும், இந்தச் செலவு அதில் எப்படி அடங்குகிறது என்ற விளக்கத்தையும் எழுதியாக வேண்டும். பேரிடர் நிதி கையாளும் எந்த அரசு அலுவலகத்துக்கும் இது பொருந்தும்.

வெளியுறவுக் காரணம் வலுவானது என்று ஓர் அரசு நினைத்தால், அதற்கான பணத்தை வெளியுறவுக் கணக்கில் கேட்டு, சபையில் வாதாடி வாங்கட்டும். டிசம்பர் 1994இல் கடைசியில் உதவி நிதிக்கு வெளியேதான் பணம் தேட வேண்டியிருந்தது. 1991இலும் அந்த வழி திறந்தேதான் இருந்தது.

இன்னொன்று இன்னும் சரியாகவில்லை. தணிக்கை அலுவலகம், இரண்டு நாடாளுமன்றக் குழுக்கள், உயர் நீதிமன்றம் என்று பிரிட்டன் வரிதாரரின் தரப்பிலிருந்து எல்லாம் விசாரிக்கப்பட்டன. கூடுதல் செலவு 35 ஆண்டுகளுக்கு யார் தலையில் விழும் என்று கணக்கிடப்பட்டதோ, அந்த மலேசிய மின் நுகர்வோரை சாட்சி சொல்ல லண்டனில் யாரும் அழைக்கவில்லை. 1990இன் ஆய்வறிக்கை அவர்களுக்காக எழுதப்பட்ட ஒரே தாள். அது எழுதப்பட்ட அன்றே கோலாலம்பூரிலும் வெளியாகியிருக்க வேண்டும்.